வெள்ளைத் தாளில் ஏழாம் கிரீன்

குளிர்காலத்துக்காக கோல்ஃப் மைதானத்தை மூடிவிட்டால் பந்து அடிக்கிறவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். புல்லும் வளர்வதை நிறுத்திவிட்டுத் தூங்கப் போய்விடும். புல் மேலாளர் மட்டும் பள்ளிக்கூடம் போவார். அவருக்கு வயது ஐம்பத்து மூன்று.

பள்ளிக்கூடம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. புல்வெளிப் பராமரிப்பாளர் சங்கம் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இணையத்தில் பத்து வாரம் இலவச வகுப்பு நடத்துகிறது. செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். மண், நோய், தண்ணீர் என்று வாரத்துக்கு ஒரு பாடம். அடுத்த சீசனுக்குத் திட்டம் போட அட்டவணைகள் தருவார்கள். பத்து வகுப்பும் முடித்தால் சான்றிதழ் உண்டு. மேலாளரிடம் பதினொரு சான்றிதழ் இருக்கிறது. ஒன்பது படித்ததற்கு, இரண்டு உட்கார்ந்தபடியே தூங்கியதற்கு என்பது அவர் மனைவி சொல்கிற கணக்கு.

மனைவி அதே சாப்பாட்டு மேசையின் மறுபாதியில் துணி தைப்பவர். அக்கம்பக்கத்தாரின் பேன்ட்டை இடுப்பில் பிடிப்பது, கோட்டைப் பெரிதாக்குவது, ஜிப் மாற்றுவது அவர் தொழில். மேசை நடுவில் ஒரு அளவு நாடா கிடக்கும். அதுதான் எல்லை. மேலாளரின் காகிதங்கள் எல்லை தாண்டாத குளிர்காலமே கிடையாது, மனைவி அதற்காகச் சண்டை பிடிக்காத நாளும் கிடையாது. ஆனாலும் இந்த மூன்று மாதம் இரண்டு பேருக்கும் பிடித்த மாதம். சீசன் நாட்களில் விடியற்காலையிலேயே புல்லைத் தடவிப் பார்க்கப் போய்விடுகிற மனுஷன் இப்போதுதான் வீட்டில் கண்ணில் படுகிறார்.

வகுப்பில் யாரும் சொந்தப் பெயரைப் போட வேண்டியதில்லை. தங்கள் கிளப்பின் மானம் கப்பலேறாமல் சந்தேகம் கேட்கட்டும் என்று சங்கமே புனைபெயர் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தது. மேலாளர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘காலை ஐந்து மணி’. அதில் அவருக்கு ஒரு பெருமை.

இந்த வருஷம் அவர் தலையைக் குடைந்துகொண்டிருந்தது ஏழாம் கிரீன். கிரீன் என்பது குழியைச் சுற்றி இருக்கிற வட்டம். பந்து தடங்கல் இல்லாமல் உருள வேண்டும் என்று அங்கே மட்டும் புல்லை மூன்று மில்லிமீட்டருக்கு ஒட்ட வெட்டுவார்கள். பதினெட்டு கிரீனில் பதினேழு ஒழுங்காக இருந்தன. ஏழாவது மட்டும் போன கோடையில், இறுதிப் போட்டிக்கு நான்கு நாள் முன்னால், மஞ்சள் பூத்துப் பட்டை பட்டையாக வழுக்கை விழுந்தது. அதுவும் கிளப்பின் சாப்பாட்டு அறை ஜன்னலுக்கு நேர் எதிரே. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு உறுப்பினர்கள் எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள்.

கிளப் கமிட்டி விளக்கம் கேட்டது. வழுக்கை எல்லாம் வெட்டும் எந்திரம் போன தடத்திலேயே இருந்ததால் மேலாளர் அதிகம் யோசிக்கவில்லை. ‘எந்திரம் அளவுக்கு மேல் தாழ்த்தி ஓட்டப்பட்டதே காரணம்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தார்.

அந்த எந்திரத்தை ஓட்டியவர் டிரைவரம்மா. பத்தொன்பது வருஷம் நகரப் பேருந்து ஓட்டிவிட்டு, கூட்டமும் புகையும் போதும் என்று ஆறு வருஷம் முன்னால் புல் வெட்ட வந்தவர். இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கிவிட்டார். எந்திரத்தைத் தொடுவதற்கு முன்னால் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார், பேருந்தைப் பார்க்கிற பழக்கம். தினமும் அளவுகோல் வைத்து பிளேடின் உயரம் பார்த்துவிட்டுத்தான் கிளப்புவார். அவர் வெட்டிய கோடுகள் நூல் பிடித்த மாதிரி இருக்கும். கோடையில் ஒருநாள் அவர் மேலாளரிடம் வந்து, “சார், ஏழுல மெஷின் முங்குது சார்” என்று சொன்னதும் உண்மை. “பார்க்கலாம்” என்று மேலாளர் சொன்னதும் உண்மை. பார்க்கவில்லை என்பதும் உண்மை.

மேலாளர் எழுதிய ஒரு வரியைக் கமிட்டி கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அடுத்த சீசனில் அந்த அம்மா கிரீன் பக்கமே வரக் கூடாது, வண்டி நிறுத்துமிடத்தில் இலை தள்ளட்டும் என்றது. மேலாளர் வாயைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை வேலைப் பட்டியலைக் கமிட்டியிடம் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமையே பட்டறைச் சுவரில் இருந்த வேலைப் பலகையில் டிரைவரம்மாவின் அட்டையைக் கழற்றி, ‘கிரீன்’ வரிசையிலிருந்து ‘வண்டி நிறுத்துமிடம்’ வரிசைக்கு மாற்றி மாட்டினார். பேருந்து படம் போட்ட அட்டை அது, டிரைவரம்மாவே வரைந்தது. டிரைவரம்மா வந்தார், பலகையைப் பார்த்தார், போய்த் தன் எந்திரத்தைத் துடைத்தார். மேலாளருக்கு அன்றைக்குக் காபி இறங்கவில்லை. ஆனால் இறங்காத காபியை வைத்து யாரும் முடிவை மாற்றுவதில்லை.

செவ்வாய்க்கிழமை வகுப்பு. போன வாரம் டீச்சர் வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார். நன்றாக இருக்கிற கிரீனில் ஒரு இடம், மோசமான கிரீனில் ஒரு இடம், இரண்டிலும் மண் எடுக்கும் குழாயை இறக்கி, வருகிற மண்ணை வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மேலாளர் செய்யவில்லை. பதினைந்து வருஷமாக மிதிக்கிற மண், அதில் தனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்பது அவர் எண்ணம். கேட்டால் தரை இறுகிக் கிடக்கிறது என்று சொல்ல ஒரு சாக்கும் தயாராக வைத்திருந்தார். டீச்சர் கேட்கவில்லை.

அதற்குப் பதில் ஒரு கேள்வியை வாசித்தார். ‘கடைசி நிறுத்தம்’ என்ற புனைபெயரில் வந்த கேள்வி.

“எங்க கிளப்புல எல்லார் கண்ணுலயும் படுற கிரீன் ஒண்ணு இருக்கு. அழகு கெட்டுடும்னு நாலு வருஷமா அதுல மட்டும் வேருக்குக் காத்துப் போகத் துளையும் போடல, மணலும் தூவல. மேலால தண்ணிய தெளிச்சுப் பச்சையா வச்சிருக்கோம். இப்ப அது மெத்தை மாதிரி ஆயிடுச்சு. மெஷின் முங்கி முங்கிப் புல்லைச் சுரண்டுது. பழி வெட்டினவங்க மேல விழுந்திருக்கு. எங்க மேனேஜர் நல்லவர்தான், ஆனா சொன்னா காதுல ஏறாது. அவர்கிட்ட எப்படிச் சொல்றது?”

மேலாளர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“இது ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிளப்புதான். சத்தியமா அவன்தான்” என்றார் மனைவியிடம். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிளப்பின் புல் மேலாளரும் இவரும் பதினைந்து வருஷமாக ஒருவர் புல்லை ஒருவர் குறை சொல்லியே நட்பாக இருப்பவர்கள். “ஜனங்க பார்க்கிற இடத்துல மட்டும் பவுடர் பூசுறது அவன் வேலை. கீழ எல்லாம் அழுகிப் போயிருக்கும். அதை மறைக்க எவனோ ஒரு அப்பாவி தலையில கட்டியிருக்கான் பாரு.”

மனைவி வாயில் குண்டூசியோடு ஒரு பேன்ட்டை மடித்துக்கொண்டிருந்தார். ஊசியை எடுத்துவிட்டுக் கேட்டார். “கேள்வி கேட்டவங்க உங்க டிரைவரம்மா மாதிரி இருக்கே?”

“நம்ம கிளப்பா? நம்ம கிளப்புல இப்படி ஒரு மேனேஜர் எங்க இருக்கான்?”

மனைவி ஊசியை மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டார். அதற்கு மேல் அவர் பேசாமல் இருந்ததற்கு ஊசிதான் காரணம் என்று மேலாளர் நினைத்துக்கொண்டார்.

யாராவது பதில் சொல்லுங்கள் என்றார் டீச்சர். ‘காலை ஐந்து மணி’ இரண்டு விரலால் தட்டத் தொடங்கியது. நீளமாகவே தட்டியது.

“பேசவே பேசாதீங்க. மேனேஜர்ங்கிற ஜாதியே பேச்சுக்குப் பேச்சு பதில் வச்சிருக்கும். நானும் மேனேஜர்தான், எனக்குத் தெரியும். டீச்சர் சொன்ன மாதிரி மண்ணை எடுங்க, வெள்ளைத் தாள்ல வைங்க. காலையில அவர் காபி குடிச்சு முடிக்கிறதுக்கு முன்னாடி கொண்டு போய் மேஜையில வச்சிட்டு அப்படியே நில்லுங்க. கண்ணு இருந்தா பார்ப்பார். கொஞ்சமாவது வெட்கம் இருந்தா ஒத்துக்குவார். தப்பை ஒத்துக்கிட்டா மட்டும் போதாது. அடுத்தவங்களுக்கு என்ன தண்டனை கொடுத்தாரோ அதை அவரே ஒரு வாரம் செஞ்சு பார்க்கச் சொல்லுங்க.”

டீச்சர் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, அனுபவம் பேசுகிறது என்றார். முப்பத்தேழு பேர் கட்டை விரலைத் தூக்கினார்கள். ‘நன்றி, நாளைக்கே செய்றேன்’ என்று கடைசி நிறுத்தம் எழுதியது. மேலாளருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஏதோ ஒரு ஊரில் ஒரு நல்ல தொழிலாளிக்கு வழி காட்டிவிட்டோம் என்ற திருப்தியோடு, அளவு நாடாவைத் தாண்டிக் கையை நீட்டி மனைவியின் பிஸ்கட்டில் ஒன்றை எடுத்துச் சாப்பிட்டார்.

புதன்கிழமை காலை ஏழரை மணி. பட்டறைக்குள் இருந்த சின்ன அறையில் மேலாளர் உட்கார்ந்திருந்தார். வெளியே பிளேடுகளுக்குச் சாணை பிடிக்கிற சத்தம். மேசையில் அடுத்த வருஷத்து நாட்காட்டி பெரிதாக விரிந்து கிடந்தது. எந்த வாரம் உரம், எந்த வாரம் துளை, எந்த வாரம் மணல் என்று மூன்று நிறப் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார். வருஷம் முழுக்க ஒரு புல்லும் வாடாத மைதானம் இந்தக் காகிதத்தில் மட்டும்தான் உண்டு. அதனாலேயே அவருக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும். இன்னொரு கையில் காபி, பாதி குடித்தது.

டிரைவரம்மா கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். தட்டு ஏந்துகிற மாதிரி இரண்டு கையிலும் ஒரு வெள்ளைத் தாளை ஏந்தியிருந்தார். நாட்காட்டியின் மேலேயே அதை வைத்தார். ஒரு அடி பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பேசவில்லை.

தாளில் விரல் தடிமனில் இரண்டு மண் உருளைகள் கிடந்தன. ஒன்றின் கீழே பென்சிலால் ‘2’ என்று எழுதியிருந்தது, இன்னொன்றின் கீழே ‘7’.

யாரைக் கேட்டு மண் எடுத்தீங்க என்ற வார்த்தை மேலாளரின் தொண்டை வரை வந்தது. அப்போதுதான் தன் கையில் இருந்த காபிக் கோப்பையைப் பார்த்தார். அது பாதி இருந்தது. வெள்ளைத் தாளைப் பார்த்தார். பேசாமல் நிற்கிற டிரைவரம்மாவைப் பார்த்தார். நேற்று இரண்டு விரலால் தட்டியது ஒவ்வொரு வரியாக ஞாபகத்துக்கு வந்தது. கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். 

வேறு வழியில்லாமல் மண்ணைப் பார்த்தார். இரண்டாம் கிரீனின் மண் மேலிருந்து கீழ் வரை ஒரே மணலாக, வெள்ளை வேர்கள் நான்கு விரல் ஆழத்துக்கு இறங்கி ஆரோக்கியமாக இருந்தது. ஏழாவதின் தலையில் இரண்டு விரல் கனத்துக்குக் கறுத்த பழுப்பில் ஒரு மெத்தை. நான்கு வருஷத்துச் செத்த தண்டும் வேரும் மக்காமல் பின்னிக் கிடந்தன. விரலால் அழுத்தினார், அமுங்கியது. முகர்ந்தார், சாக்கடை நாற்றம். உயிருள்ள வேர் எல்லாம் அந்த மெத்தையிலேயே நின்றுபோயிருந்தது. அதற்குக் கீழே, கத்தியால் கோடு போட்ட மாதிரி, நல்ல மணல் தொடங்கியது. அவர் கடைசியாக ஒழுங்காக மணல் தூவிய வருஷத்து மணல்.

அந்தக் கோடு எந்த மாதம் விழுந்தது என்று அவரால் சொல்ல முடியும். சாப்பாட்டு அறைக்குப் பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்தார்கள். அந்த வருஷம் மணல் தூவிய அன்றைக்கே இரண்டு உறுப்பினர்கள் வந்து, சாப்பிடும்போது பாலைவனத்தையா பார்ப்பது என்று கேட்டார்கள். ‘ஏழாவதை மட்டும் விட்டுடலாம்’ என்று சொன்னது கமிட்டி இல்லை, இவரேதான். அதைத் தன் டைரியில்கூட எழுதவில்லை. எழுதாததைக் காலப்போக்கில் மறந்தும் விட்டார். மெத்தை ஆன தரையில் எந்திரம் முங்கினால் பிளேடு புல்லை மட்டும் வெட்டாது, வேரோடு சுரண்டும் என்பது பதினொரு சான்றிதழ் வாங்கியவருக்குத் தெரியாத விஷயமா?

“அளவுகோல் சரியாத்தான் வச்சிருக்கீங்க” என்றார் கடைசியில்.  “தரைதான் அமுங்குது.”

“ஆமா சார்.”

“கோடையிலயே சொன்னீங்க.”

“சொன்னேன் சார்.”

“நான் எழுதிக் கொடுத்தது தப்பு, டிரைவரம்மா. உங்க மேல தப்பே இல்ல. மணலை நிறுத்தினது நான்தான்.”

டிரைவரம்மா கட்டிய கையைப் பிரித்தார்.  “சண்டை போட வரல சார். எனக்கு அந்த மெஷின் வேணும், அவ்வளவுதான். பஸ் ஓட்டினப்போகூட நான் அந்த மாதிரி நிம்மதியா இருந்ததில்ல.”

“இருக்கும். அது உங்களோடதுதான்.”

மேலாளர் எழுந்து போய்ப் பலகையில் பேருந்து அட்டையைக் கழற்றிக் ‘கிரீன்’ வரிசையில் முதல் ஆணியில் மாட்டினார். டிரைவரம்மா முகத்தில் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை அடக்கவும் அவர் முயற்சி செய்யவில்லை. வாசல் வரை போனவர் திரும்பி நின்றார்.

“இது என் யோசனை இல்ல சார். சங்கத்து வகுப்புல நானும் சேர்ந்திருக்கேன், கடைசி நிறுத்தம்ங்கிற பேர்ல. அங்க ஒருத்தர் சொல்லிக் கொடுத்தார், பேசாம கொண்டு போய் வைங்கன்னு. காலை ஐந்து மணின்னு பேரு. எந்தக் கிளப்போ தெரியல. ரொம்ப நல்ல மனுஷன். இப்படி ஒருத்தர்கிட்ட வேலை செய்றவங்க கொடுத்து வச்சவங்கன்னு நினைச்சேன்.”

“அப்படியா” என்றார் மேலாளர்.

அன்றைக்கு மதியம் வீட்டில் அவர் விஷயத்தைச் சொல்லி முடிக்கும் வரை மனைவி தையல் எந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். சொன்னேன்ல என்று சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

“அது நீங்கதான்னு அவங்ககிட்ட சொன்னீங்களா?”

“இல்ல.”

“ஏன்?”

“நல்ல மனுஷன்னு சொல்லிட்டாங்க. எனக்கு அதைக் கெடுக்க மனசு வரல.” கொஞ்ச நேரம் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார். “வெட்கமா வேற இருக்கு.”

“அந்த நல்ல மனுஷன் இன்னொண்ணும் சொன்னாரே. நானும் பக்கத்துல உட்கார்ந்து கேட்டுட்டுத்தான இருந்தேன்.”

மேலாளர் மனைவியைப் பார்த்தார். மனைவி பேன்ட்டைப் பார்த்துக்கொண்டு தைக்க ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை கமிட்டிக் கூட்டம், அதே ஜன்னல் வைத்த சாப்பாட்டு அறையில். மேலாளர் வெள்ளைத் தாளை மேசை நடுவில் வைத்தார். தன் அறிக்கை தவறு, வெட்டியவர் மேல் குற்றம் இல்லை, நான்கு வருஷம் மணலை நிறுத்தியது தானே என்று நின்றபடி சொன்னார். தலைவர் கண்ணாடியைக் கழற்றி மண்ணை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். வருஷத்துக்கு மூன்று தடவை மணல் தூவ வேண்டும், ஒவ்வொரு தடவையும் இரண்டு வாரம் ஏழாம் கிரீன் பாலைவனமாக இருக்கும் என்றார் மேலாளர். இரண்டு வாரம் திரைச்சீலையை இழுத்துவிட்டால் போகிறது என்றார் தலைவர். இவ்வளவுதான் விஷயம். இதற்கா நான்கு வருஷம் பயந்தோம் என்று மேலாளருக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் விசில் அடித்தார்.

திங்கட்கிழமை காலை டிரைவரம்மா பட்டறைக்கு வந்தார். எந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு வழக்கம்போலப் பலகையைப் பார்த்தார். பேருந்து அட்டை அதன் இடத்தில் இருந்தது. ‘வண்டி நிறுத்துமிடம்’ வரிசையில் அந்த வாரம் முழுக்க ஒரே அட்டை தொங்கியது. புல்லிதழ் படம் போட்ட அட்டை. அது மேலாளருடையது. பதினைந்து வருஷமாகப் பலகையின் உச்சி ஆணியை விட்டு இறங்காத அட்டை.

டிரைவரம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்தவருக்குக் கொடுத்த தண்டனையைத் தானே ஒரு வாரம் செய்து பார்க்க வேண்டும் என்று உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் சொல்லியிருந்தார்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. மேலாளர் ரப்பர் பூட்ஸும் காதுக் கவசமுமாக நின்றார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சுவரில் இருந்த சாணைக் கல்லைப் பார்த்தார்.

“காலையில அஞ்சு மணிக்கே எழுந்திடுவீங்களா சார்?” என்று கேட்டார் டிரைவரம்மா.

“பழக்கம்” என்றார் மேலாளர்.

 டிரைவரம்மா மூலைக்குப் போய், இலை ஊதும் எந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். வாரை அளவாகத் தளர்த்தி, மேலாளர் முதுகில் மாட்டிவிட்டார்.

“எடுத்த எடுப்புல அழுத்தாதீங்க சார், ஆளையே தள்ளும். காத்துக்கு முதுகைக் காட்டிட்டு மெதுவா போங்க. வாசல் பக்கத்துல இருந்து ஆரம்பிங்க, அதான் எல்லார் கண்ணுலயும் படும்.” சொல்லிவிட்டு ஏழாம் கிரீன் இருக்கிற திசையில் ஒரு பார்வை பார்த்தார். “இல்ல, வேண்டாம் சார். பின்பக்கத்துல இருந்தே வாங்க.”